எதனால் ஆனது இந்தப் பாதம்?

தைப்பூச நாட்களில் திண்டுக்கல்–பழனி சாலையில், ஆயக்குடி பக்கம் ஓரமாக நின்று பார்த்தால் கண்ணில் முதலில் படுவது பாதங்கள்தான். காரைக்குடிச் சீமையிலிருந்து காவடியோடு கிளம்பியவர்கள், நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று வழிநெடுக வந்து சேர்ந்துகொண்டவர்கள். பச்சை வேட்டி, மஞ்சள் சேலை, தோளில் துணி மூட்டை. பெரும்பாலோர் காலில் செருப்பு இல்லை. சாலையோரத்தில் கூடை கூடையாகக் கொய்யாப்பழம்; கேட்டால் நறுக்கி மிளகாய்ப்பொடி தூவித் தருவார்கள். பழனி நெருங்கிவிட்டது என்ற தெம்பில் ‘அரோகரா’ கொஞ்சம் உரக்கவே கேட்கும்.

அந்தக் கூட்டத்தில் முகங்களை விட்டுவிட்டுக் கால்களை மட்டும் பாருங்கள். குதிகால் நோகிறவர் முன்பாதத்தை ஊன்றி நடக்கிறார். பெருவிரலின் அடியில் கொப்புளம் கண்டவர் பாதத்தின் வெளி விளிம்பில் பாரத்தை ஏற்றுகிறார். இன்னொருவர் எட்டைக் குறுக்கிக்கொண்டார். யாரும் யோசித்து இதைச் செய்யவில்லை. வாய் முருகன் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறது. பாதம் தானே கணக்குப் போட்டு, களைத்த இடத்துக்கு ஓய்வு கொடுத்து, களைக்காத இடத்தை வேலைக்குக் கூப்பிடுகிறது. செயற்கைக் கால் செய்ய எந்தப் பொருள் நல்லது என்று மரம், தோல், அலுமினியம், ரப்பர், பிளாஸ்டிக், கார்பன் இழை, டைட்டானியம் என எல்லாவற்றையும் மனிதன் எடுத்துப் பார்த்துவிட்டான். அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, படைத்தவன் இந்தப் பாதத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளின்மீதுதான் எனக்குப் பக்தி கூடுகிறது.

பாதத்தின் இந்தக் கணக்கை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் நம் தமிழ்நாட்டு மலையில் பிறந்தவர். டாக்டர் பால் பிராண்ட், 1914ல் கொல்லிமலையில், ஆங்கிலேய மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தார். மருத்துவம் படிக்கும் முன்பு தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றவர். 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றும் அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல் உதிரும் என்று ஊர் உலகமெல்லாம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. பிராண்ட் பொறுமையாகக் கவனித்துக் கண்டது வேறு. அந்தச் சதையில் அழுகல் எதுவும் இல்லை. நரம்பு செத்துப்போனதால் வலி போய்விட்டது. வலி போனதால் களைத்த இடத்துக்கு ஓய்வு கொடுக்கச் சொல்ல ஆள் இல்லை. செருப்புக்குள் கல் கிடந்தாலும் நாள் முழுக்க அதே இடத்தில் மிதித்து நடந்து, பாதம் புண்ணாகிக் கரைந்துபோனது.

பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் அவர் செய்த சோதனை ஒன்றை மறக்க முடியாது. மயக்கத்தில் இருந்த எலியின் பாதத்தில், நாம் நடக்கும்போது விழும் அளவு மெல்லிய அழுத்தத்தை, ஒரே இடத்தில் நாளுக்கு 10,000 தடவை கொடுத்தார். ஒரு தடவைக்கு எந்தத் தீங்கும் இல்லாத அழுத்தம் அது. சில நாட்களில் பாதம் வீங்கிப் புண்ணானது. எண்ணிக்கையைக் குறைத்து, வாரத்தில் இரண்டு நாள் ஓய்வும் கொடுத்தபோது அதே பாதம் தடித்து வலுவேறியது. இந்த இரண்டாவது முடிவைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். செத்த பொருள் உரசினால் தேயும். எவ்வளவு உயர்ந்த எஃகானாலும் தேய்மானம்தான் அதன் கதி. உயிருள்ள தோல், அவகாசம் கொடுத்தால், உரச உரசத் தடிக்கிறது. வரப்பில் நடந்தே வளர்ந்த விவசாயியின் உள்ளங்காலைத் தொட்டுப் பாருங்கள், புரியும்.

அந்த ஞானத்திலிருந்து பிறந்ததுதான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு. நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மைக்ரோசெல்லுலார் ரப்பர் மேலே, விறைப்பான அடிப்பாகம் கீழே. வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரி மருத்துவமனையில் பிராண்டும் உடன் பணியாற்றியவர்களும் பல பொருட்களைப் போட்டுப் பார்த்து அதற்கு வந்து சேர்ந்தார்கள். ரப்பர் ரொம்ப மெத்தென்றால் ஒரே மாதத்தில் அமுங்கிப் பலகையாகிவிடும். ரொம்பக் கெட்டியென்றால் புண்ணை அதுவே உண்டாக்கும். நடுவில் ஒரு பதம் வேண்டும். நம் குதிகாலின் அடியில் அந்தப் பதம் பிறக்கும்போதே வைக்கப்பட்டிருக்கிறது. கொழுப்பைச் சின்னச் சின்ன அறைகளில் அடைத்து, அறைகளின் சுவரை உறுதியான நார்த்திசுவால் கட்டி, மொத்தம் இரண்டு சென்டிமீட்டர்கூட வராத கனத்தில் அமைந்த திண்டு அது. கொழுப்பு நசுங்கி வெளியே ஓட முடியாது. அறைக்குள்ளேயே அமுங்கி எழுகிறது. மூட்டை தூக்குகிறவருக்கும் அதே திண்டுதான். எண்பது வயதுப் பாட்டிக்கும் அதே திண்டுதான், கொஞ்சம் மெலிந்திருக்கும்.

சரி, உள்ளே இருக்கும் எலும்பு? அதைப் புரிந்துகொள்ள ஆயக்குடிக் கொய்யாத் தோப்பே போதும். கவாத்து பண்ணிய மரத்தில் படுக்கைவாட்டில் நீளும் ஒரு கிளையைப் பாருங்கள். காய் பிடித்துப் பாரம் ஏற ஏற, கிளை தன் மேற்புறத்தில் தனி வகை மரநாரை அடுக்கிக்கொள்கிறது. அந்த நார் உள்ளுக்குள் இழுத்துப் பிடித்துக் கிளையைத் தாழாமல் காக்கிறது. கொய்யா போன்ற அகன்ற இலை மரங்கள் பெரும்பாலானவற்றுக்கு உள்ள குணம் இது. எந்தப் பக்கம் இழுவை அதிகமோ அந்தப் பக்கம் பொருள் சேர்கிறது. உண்டிவில்லுக்குக் கவட்டை தேடும் பிள்ளைகள் கொய்யாக் கிளையைக் கண்டால் விடமாட்டார்கள். அதன் கெட்டித்தனம் அவர்கள் கைக்குத் தெரியும்.

இதே விதி நம் எலும்பிலும் எழுதியிருக்கிறது. பாரம் விழும் திசையில் எலும்பு தன்னைத் தடித்துக்கொள்ளும், பாரம் இல்லாத இடத்தில் மெலியும் என்று ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வுல்ஃப் 1892ல் நூலாகவே எழுதினார். குதிகால் எலும்பை நெடுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே வலைப்பின்னலாக ஓடும் மெல்லிய எலும்புத் தட்டுகள் பாரத்தின் பாதையிலேயே வரிசை கட்டியிருக்கும். பொருளும் ஒன்றல்ல, இரண்டு. கோழிக்கால் எலும்பு ஒன்றைக் கழுவி வினிகரில் சில நாள் ஊறப்போட்டால் சுண்ணாம்புச் சத்து கரைந்துபோய், எலும்பு ரப்பர் மாதிரி வளையும். மிஞ்சியிருப்பது கொலாஜன் நார். இன்னொன்றை நெருப்பில் நன்றாகச் சுட்டால் நார் எரிந்து, வடிவம் மாறாமல் இருக்கும், ஆனால் விரல் பட்டால் பொடியாகும். தனித்தனியே ஒன்றுக்கும் உதவாத இரண்டு பொருள்கள் சேர்ந்து, எஃகின் அடர்த்தியில் கால் பங்கு மட்டுமே உள்ள, வளைந்தும் கொடுக்கிற தூணாகின்றன. அந்தத் தூண் ஒவ்வோர் ஆண்டும் தன்னில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் கரைத்துப் புதிதாகக் கட்டிக்கொள்கிறது, நாம் தூங்கும்போதும்.

இனி மனிதன் எடுத்த பொருள்களுக்கு வருவோம். எடை குறைவாக இருக்க வேண்டும் என்பது எல்லோரும் சொல்வது. பாலிப்ரொப்பிலீன் தண்ணீரைவிட லேசு. அலுமினியம் தண்ணீரைப்போல் 2.7 மடங்கு, டைட்டானியம் நாலரை மடங்கு, எஃகு ஏறத்தாழ எட்டு மடங்கு. அப்துல் கலாம் ஹைதராபாத்தில் ஏவுகணை வேலையில் இருந்தபோது, போலியோ பாதித்த குழந்தைகள் காலில் மாட்டும், மூன்று கிலோவுக்கு மேல் கனமான இரும்புக் காலிப்பரை இழுத்துக்கொண்டு நடப்பதைக் கண்டு, ஏவுகணைக்கான கூட்டுப்பொருளில் 300 கிராமில் அதைச் செய்துகொடுக்க வைத்தார். தன் வாழ்வில் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்றாக அதை அவர் சொல்லி வந்தார். அதே நேரம் இதையும் எண்ணிப் பாருங்கள்: 60 கிலோ எடையுள்ளவருக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள சொந்தக் கால் மட்டும் மூன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். வாழ்நாளில் ஒருநாளும் அது கனம் என்று யாரும் சொன்னதில்லை. ஒன்றரைக் கிலோவில் செய்த பிளாஸ்டிக் கால் கனக்கிறது என்கிறார்கள். சொந்தக் கால் தன் தசையாலும் நாணாலும் தன்னைத் தானே தூக்கிக்கொள்கிறது. குதிநாண் ஒவ்வோர் எட்டிலும் இழுபட்டுச் சேமிக்கும் ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடுகிறது. அந்த ஒரு குணத்தைப் பிடிக்கத்தான், தன் காலையே இழந்த அமெரிக்கர் வான் ஃபிலிப்ஸ் கார்பன் இழையை வில்லாக வளைத்து 1984ல் ஃப்ளெக்ஸ்-ஃபுட் என்ற பாதத்தைக் கொண்டுவந்தார்.

உழைப்பைப் பொறுத்த சோதனையும் உண்டு. செயற்கைப் பாதத்துக்கான ஐ.எஸ்.ஓ. 22675 தரப்படி, எந்திரத்தில் மாட்டிக் குதிகாலிலிருந்து விரல்வரை நடப்பதுபோல் 20 லட்சம் தடவை அழுத்துவார்கள். விரிசல் விடாவிட்டால் தேர்ச்சி. நாளுக்கு ஐயாயிரம் எட்டு நடக்கும் ஒருவருக்கு ஒரு காலுக்கு 2,500 எட்டு. அப்படிப் பார்த்தால் 20 லட்சம் என்பது இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் அதிகம். அதே கணக்கில் அறுபது வருஷம் நடந்த பாதம் ஐந்து கோடித் தடவைக்கு மேல் மண்ணைத் தொட்டிருக்கும். தைப்பூசத்துக்கு ஆயக்குடியைக் கடக்கும் பெரியவர்களின் கால்கள் அந்த எண்ணிக்கையைத் தாண்டியவை, ஒரு உதிரிப் பாகமும் மாற்றாமல்.

ஆய்வுக்கூடத்தில் தேறிய பொருள் வயக்காட்டிலும் தேற வேண்டும். ஆயக்குடியில் விவசாயம் பார்க்கிறவருக்குக் காலை எழுந்தால் தோப்புக்குப் போக வேண்டும். வாய்க்கால் தண்ணீர், சேறு, உழுத கட்டி, மத்தியானம் கொதிக்கும் தார்ச்சாலை. குந்தி உட்கார்ந்து களை எடுக்க வேண்டும். கோயிலுக்குள் செருப்பைக் கழற்ற வேண்டும். மேல்நாட்டிலிருந்து வந்த பாதம் ஷூவுக்குள் நுழைத்துக்கொள்ளச் செய்தது. கணுக்கால் மடங்காது, வெறுங்காலோடு நடக்க ஆகாது. 1968ல் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் செய்த பாதம் இந்தக் குறையைத் தீர்த்தது. கணுக்காலில் மரக்கட்டை, குதிகாலிலும் முன்பாதத்திலும் மைக்ரோசெல்லுலார் ரப்பர், உள்ளே டயருக்குப் போடும் நைலான் நூல், மேலே தோல் நிறத்தில் ரப்பர் போர்த்தி அச்சில் வேகவைத்தது. தண்ணீரில் நிற்கலாம், சம்மணம் போடலாம். டயருக்கு ரப்பர் ஒட்டும் கடையில் நின்றபோதுதான் சர்மாவுக்கு அந்த யோசனை வந்தது என்பார்கள். காலின் தண்டுப் பகுதிக்கு முதலில் அலுமினியத் தகடு. பிறகு பாசனத்துக்குப் போடுவது போன்ற எச்.டி.பி.இ. குழாய். அவர்கள் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. எவரும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். 1981ல் திருச்சிப் பக்கம் நடந்த பஸ் விபத்துக்குப் பிறகு காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன், 1984ல் மறுபடி மேடையேறிப் பரதம் ஆடியது அந்தக் காலோடுதான். அரைமண்டியில் இருந்து தரையைத் தட்டும் பாதத்தை ஏந்த ரப்பரும் மரமும் போதுமாக இருந்தன.

விலை கூடிய பொருள் எல்லா ஊருக்கும் உகந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாலியூரித்தேன் நுரையில் செய்த பாதங்கள் குளிர்நாட்டில் நன்றாக உழைத்தன. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாடுகளில் அந்த நுரை உள்ளுக்குள்ளேயே சிதைந்து பொடியாக உதிர்ந்தது. ரப்பர் அங்கே நெடுநாள் நின்றது. ஈரத்திலும் வெயிலிலும் சீக்கிரம் உதிர்ந்துபோகாத பொருள்தான் வேண்டும் என்று மண் கேட்கிறது. மழைக்காலச் சேற்றில் ஊறி, கோடையில் சுட்டுப்பொசுக்கும் தரையில் நடந்து, மறுபடி சேற்றில் இறங்கும் நம் சொந்தப் பாதம் அதை எந்த மேற்பூச்சும் இல்லாமல் தாங்குகிறது.

முழங்காலும் சாதாரணக் கீல் இல்லை. தொடை எலும்பு கீழெலும்பின்மேல் உருண்டுகொண்டே சறுக்கவும் செய்கிறது. அதன் அச்சு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. இடையில் உள்ள குருத்தெலும்பின் வழுக்கலை எண்ணெய் போட்ட எந்திரங்கள் பலவும் எட்டவில்லை. 2022ல் சென்னை ஐ.ஐ.டி. வெளியிட்ட ‘கதம்’ என்ற முழங்கால் மூட்டு அந்த இடம் மாறும் அச்சைப் பல இணைப்புகளால் கொண்டுவருகிறது. எஃகு உடம்பு, தேய்மானம் குறைந்த பாலிமர் புஷ், 160 டிகிரிவரை மடக்கும் வசதி. நம் ஊர் பஸ் சீட்டில் முன்சீட் முட்டாமல் உட்கார அந்த மடக்கம் எவ்வளவு தேவை என்பது பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கனவு இருக்கிறது: வெளியே மாட்டுவதை விட்டு, கம்பியை எலும்போடே பொருத்திவிட்டால் என்ன? ஸ்வீடனில் பெர்-இங்வர் பிரோனமார்க் 1952ல் முயலின் எலும்புக்குள் வைத்த டைட்டானியக் கருவியை வெளியே எடுக்கப் பார்த்தபோது, எலும்பு அதை விடாமல் பற்றிக்கொண்டிருந்தது. பல் மருத்துவத்தில் அது பரவியபின், அவர் மகன் ரிகார்ட் 1990ல் தொடை எலும்பில் டைட்டானியம் பதித்துச் செயற்கைக் காலை அதோடு இணைத்தார். டைட்டானியத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. எஃகு எலும்பைப்போல் பத்து மடங்கு விறைப்பு. டைட்டானியம் ஐந்தாறு மடங்கு. பாரத்தை முழுக்க உலோகமே வாங்கிக்கொண்டால், வேலை இல்லாத எலும்பு வுல்ஃப் சொன்னபடி மெலிந்துபோகும். ஆகவே உலோகம் விறைப்புக் குறைவாக இருப்பதுதான் நல்லது.

தொல்லை தோலில்தான். கம்பி தோலைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் கிருமி உள்ளே புகும். எலும்பு தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே நின்றும் சீழ் பிடிக்காத உயிர் எங்காவது உண்டா என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் தேடினார்கள். கிடைத்த விடை மான் கொம்பு. ஆயக்குடிக்குத் தெற்கே எழும் பழனி மலைத்தொடரில் திரியும் கடமானின் தலையில் இருப்பதும் அதே அமைப்புதான். மாட்டுக்கொம்புபோல் உறை போட்டது கிடையாது, முழுக்க எலும்பு, விழுந்து மறுபடி முளைப்பது. கொம்பின் அடிக்கட்டையில், தோலுக்குச் சற்றுக் கீழே, எலும்பு முழுக்க நுண்துளைகள். உள்தோலின் நார்கள் அந்தத் துளைகளுக்குள் வேர் விட்டு இறுக்கிக்கொள்வதால் தோல் நகர்வதில்லை, இடைவெளி விழுவதில்லை, கிருமிக்கு வழியும் இல்லை. 2006ல் அதை எழுதி வெளியிட்டு, டைட்டானியத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துளைகளிட்ட விளிம்பைச் செய்து, அதில் தோலை ஒட்டவைத்துப் பார்த்தார்கள். காட்டுக்குள் ஒரு விலங்கு சத்தமில்லாமல் சுமந்து திரிந்த தீர்வு மனிதன் கைக்கு வர இத்தனை காலம் ஆனது.

நம் ஊரில் கால் இழந்த பெரும்பாலோருக்கு இன்னும், மிஞ்சிய காலை நுழைத்துக்கொள்ளும் சாக்கெட்தான் கதி. சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையமானாலும் மாவட்ட முகாமானாலும் வேலை ஒரே மாதிரிதான். முழங்காலுக்குக் கீழே மிஞ்சிய காலை, அவர்கள் மொழியில் ‘ஸ்டம்ப்’பை, மெல்லிய நனைந்த துணியால் மூடி, எலும்பு முட்டும் இடங்களில் ஊதாக் காப்பியிங் பென்சிலால் குறி போடுவார்கள். மேலே பிளாஸ்டர் துணி சுற்றுவார்கள். அது இறுகியதும் கழற்றினால் உட்புறத்தில் ஊதாக் குறிகள் பதிந்திருக்கும். அதற்குள் பிளாஸ்டர் ஊற்றி மோல்டு எடுத்தால் குறிகள் அதிலும் வந்துவிடும். இப்போது அரத்தை எடுத்துக்கொண்டு, முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள நாணின் இடத்தில் சீவுவார்கள். அது பாரம் தாங்கும். வெளிப்பக்கம் முட்டும் சிற்றெலும்பின் தலைக்கு மேலே பிளாஸ்டர் பூசி உயர்த்துவார்கள். அதில் பாரம் படவே கூடாது. சூடேற்றிக் கண்ணாடிபோல் தெளிந்து தொளதொளத்த பாலிப்ரொப்பிலீன் தகட்டை அதன்மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சினால் சாக்கெட் தயார்.

சாக்கெட்டுக்குள் போகும் இந்தத் தோல் பாரம் தாங்கப் பிறந்ததில்லை. உள்ளங்காலுக்குக் கொடுத்த தடிப்பும் கொழுப்பு அறையும் இதற்குக் கொடுக்கப்படவில்லை. வியர்க்கும், காலையில் இருந்த பருமன் சாயங்காலம் இருக்காது, ஒரு பருத்திச் சாக்ஸுக்கு மேல் இன்னொன்று போட வேண்டிவரும். ஆயினும் பழகுகிறது. எந்தப் பொருளில் செய்தாலும், எந்தத் தரச் சான்று வாங்கியிருந்தாலும், கடைசிச் சோதனை இதுதான்: காலை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நடக்கச் சொல்லி, கழற்றி, தோலைப் பார்ப்பார்கள். நாண் இருக்கும் இடத்தில் சிவப்பு தெரிந்து, பத்து நிமிடத்துக்குள் மறைந்தால் சரி. சிற்றெலும்பின் தலையில் சிவந்திருந்தாலோ, மறையாமல் நின்றாலோ, சாக்கெட்டைச் சூடேற்றி அந்த இடத்தை வெளியே தள்ளுவார்கள். அதிலும் தீரவில்லை என்றால் பிளாஸ்டர் துணியை மறுபடி நனைப்பார்கள்.